துருவேறா உருக்கும் துறப்பணமும்

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது பழமொழி. விடாமுயற்சியின் பெருமையை இதனினும் சுருங்கச் சொல்லுதல் அரிது. ஆயினும் உலகிலுள்ள பொருள்கள் யாவும் அம்மியைப் போன்றவை அல்ல. மேலோட்டமாகத் தேய்க்கத் தேய்க்க இளகாது, தேய்த்த இடத்திலே முன்னினும் கடினமாகும் பொருளும் உண்டு. அப்பொருள் நெடுந்தொலைவில் இல்லை. இல்லங்களில் எவர்சில்வர் என வழங்கும் துருவேறா உருக்கே அது. சோறு சமைக்கும் பாத்திரமாக அதனை அறிந்தோர் பலர். அதிலே ஒரு துளையிட முயன்றோர்தாம் அதன் குணத்தை முழுமையாக அறிந்தவர் ஆவர்.

இவ்வுண்மையைத் தம் கைப்படக் கற்றுக்கொண்ட ஒரு கூட்டத்தார் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உளர். வீட்டிலே பியர் காய்ச்சுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் இவர்கள். அந்நாட்டில் 1920ஆம் ஆண்டு முதல் 1933ஆம் ஆண்டு வரை மதுவிலக்கு நிலவியது. அது நீங்கிய பின்னர், வீட்டில் திராட்சை மது ஆக்குவதற்கு இடமளித்த கூட்டாட்சிச் சட்டம் பியருக்கு இடமளிக்கவில்லை. 1978ஆம் ஆண்டு ஒற்றோபர் 14ஆந் திகதி சனாதிபதி ஜிம்மி காட்டர் கையொப்பமிட்ட சட்டமே அத்தடையை நீக்கியது. அது 1979ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. வயதுவந்தவர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 100 கலன், இருவரோ மேற்பட்டோரோ உள்ள வீட்டுக்கு 200 கலன் என அச்சட்டம் வரம்பு விதித்தது. ஆக்கியதை விற்கவும் ஆகாது. மாநிலங்கள் தத்தம் சட்டங்களைத் தனித்தனியே திருத்தின. கடைசியாக அலபாமாவும் மிசிசிப்பியும் 2013ஆம் ஆண்டில் இதற்கு இணங்கின.

பியர் காய்ச்சுவோருக்கு முதலில் வேண்டுவது பெரியதோர் அண்டா. முளைக்கவைத்து உலர்த்திய வாற்கோதுமையை வெந்நீரில் ஊறவைத்து இனிய சாற்றை இறக்குவர். அச்சாற்றுடன் ஹொப்ஸ் என்னும் கொடியின் பூக்களைச் சேர்த்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் கொதிக்க வைப்பர். பின்னர் அதனைக் குளிரச்செய்து, மதுவம் இட்டு நொதிக்க விடுவர். ஒரு தடவைக்கு 10 கலன், அதாவது 38 லீற்றர் காய்ச்சுவதாயின், பொங்கி எழும் நுரைக்கும் இடம் வேண்டும். அத்தகைய அண்டாவைப் புதிதாக வாங்கப் பணம் மிகுதியாகச் செல்லும். ஆகவே, பியர் நிரப்பி அனுப்பும் பீப்பாக்களிற் பயன்பாடு முடிந்தவற்றை வாங்கி, மேற்புறத்தை வட்டமாக வெட்டி அண்டாவாக்கும் வழக்கம் தோன்றியது. அமெரிக்காவிலே அரைப் பரல் எனப்படும் பெரிய பீப்பாவின் கொள்ளளவு 15½ கலன். அது 58 லீற்றருக்குச் சற்றே அதிகமாகும்.

மேற்புறத்தை வெட்டியவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை. கொதித்த சாற்றை வேறு பாத்திரத்துக்கு மாற்றவேண்டும். 38 லீற்றர் சாறு ஏறக்குறைய 40 கிலோகிராம் நிறையுடையது. பீப்பாவின் நிறையும் அதனோடு சேரும். கொதிக்கும் நிலையில் இதனைத் தூக்கிச் சரிப்பவர் தம் உடலையே பணயம் வைப்பவர் ஆவர். ஆகவே பீப்பாவின் அடிப்பக்கத்திலே துளையிட்டு ஒரு திருகுகுழாய் பொருத்துதல் இன்றியமையாதது. ஏறக்குறைய 22 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு துளை. அவ்வளவே. பீப்பாவின் சுவர்த் தடிப்போ ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றர்தான். மரத்தில் ஒரு கணத்தில் முடியும் இவ்வேலை இங்கே பல அலகுகளைப் பாழாக்கிவிடும். அலகு சுழல்கிறது, ஓலமிடுகிறது, புகைகிறது. துளை மட்டும் விழுவதில்லை. இதன் காரணத்தை அறிவதற்கு அவ்வுலோகத்தின் வரலாற்றையும் அமைப்பையும் சிறிது நோக்குதல் வேண்டும்.

இங்கிலாந்தின் செபீல்ட் நகரம் நெடுங்காலமாக உருக்குத் தொழிலுக்குப் பேர்பெற்றது. அங்கே ஹரி பிறேர்லி என்பவர், துப்பாக்கிக் குழல்கள் விரைவில் அரிபட்டுப்போவதைத் தடுக்கும் உருக்கைத் தேடி ஆராய்ந்தார். 1913ஆம் ஆண்டில் அவர் வார்த்த ஓர் உருக்கிலே குரோமியம் நூற்றுக்கு 12.8 பங்கு இருந்தது. அது எளிதில் துருவேறவில்லை. துப்பாக்கிக்கு வழி தேடியவர் சாப்பாட்டு மேசைக் கத்திக்கு வழி கண்டார். அதற்கு முந்திய ஆண்டிலேயே, யேர்மனியில் குறுப் நிறுவனத்தைச் சேர்ந்த எடுவாட் மவுரர், பென்னோ ஸ்திராவுஸ் ஆகிய இருவர் குரோமியத்தோடு நிக்கலையும் சேர்த்த உருக்கை ஆக்கியிருந்தனர். இன்று சமையற் பாத்திரங்களிலும் பியர்ப் பீப்பாக்களிலும் பெரும்பாலும் காணப்படுவது இவ்விரண்டாம் வகையின் வழிவந்ததே. குரோமியம் 18 பங்கு, நிக்கல் 8 பங்கு என்னும் கலப்பினால் அதனைப் பதினெட்டு-எட்டு என்பர். தொழிலுலகில் 304 என்னும் இலக்கம் அதற்குரியது.

இவ்வுருக்கு துருவேறாதிருப்பது குரோமியத்தின் செயல். காற்றிலுள்ள ஒட்சிசனுடன் குரோமியம் சேர்ந்து, மேற்பரப்பிலே கண்ணுக்குப் புலப்படாத ஒட்சைட்டுப் படையொன்றை ஆக்குகிறது. அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்திலொரு பங்கைச் சில மடங்கு பெருக்கிய அளவே. கீறல் விழுந்தாலும் காற்றுப் பட்டவுடன் அப்படை தானாகவே மீண்டும் தோன்றும். எனவே துளையிடுவதனால் உருக்கின் காப்பு அழிந்துவிடும் என அஞ்சவேண்டியதில்லை. சுத்தமாகத் துளையிட்டால், துளையின் ஓரமும் தன்னைத்தானே காத்துக்கொள்ளும்.

நிக்கலின் செயல் வேறு. அது உருக்கின் அணுக்களை ஒஸ்தனைற்று எனப்படும் ஒழுங்கில் நிறுத்துகிறது. சாதாரண இரும்பு மிகுந்த சூட்டிலேயே கொள்ளும் ஒழுங்கு அது. இங்கே சாதாரண வெப்பநிலையிலும் நிலைத்துநிற்கிறது. அடுக்கிவைத்த சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதுபோல் இவ்வொழுங்கிலே அணுப் படைகள் எளிதில் வழுக்கும். இதனாலேயே தட்டையான தகட்டை ஆழமான பாத்திரமாக இழுத்து வளைக்க முடிகிறது. ஆனால் வழுக்கிய படைகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. சிக்கச் சிக்க, அடுத்த வழுக்கலுக்கு மேலும் வலிமை வேண்டும். அன்றியும், நெருக்கப்பட்ட இடங்களிலே ஒஸ்தனைற்றின் ஒரு பகுதி மாட்டென்சைற்று என்னும் கடினமான ஒழுங்குக்கு மாறிவிடுகிறது. வேலை செய்வதனாற் பொருள் கடினமாகும் இக்குணம் பல உலோகங்களுக்கு உண்டு. துருவேறா உருக்கிலோ அது மிகுதி.

இதற்கு எளிய சோதனையொன்று உண்டு. ஒஸ்தனைற்றைக் காந்தம் கவர்வதில்லை, மாட்டென்சைற்றைக் கவரும். ஆழமாக இழுத்துச் செய்த எவர்சில்வர்ப் பாத்திரத்தின் நடு அடிப்பாகத்திலே சிறிய காந்தமொன்றை வைத்தால் ஒட்டாது. அதே காந்தம் வளைவான மூலையிலோ மடித்த விளிம்பிலோ மெல்ல ஒட்டிக்கொள்வதைப் பல பாத்திரங்களிற் காணலாம். வளைத்தபோது அவ்விடம் மாறிவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

இனித் துறப்பணத்தின் நிலையைப் பார்ப்போம். கூரிய அலகு நன்றாக அழுந்திச் சுழலும்போது, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சீவலை எடுக்கிறது. அச்சீவலுக்குக் கீழேயுள்ள தோல் சற்றே கடினமாகும். ஆயினும் அடுத்த சுற்றிலே அலகின் விளிம்பு அத்தோலுக்கும் அடியிற் சென்று இளகிய உலோகத்தையே வெட்டும். அழுத்தம் போதாதாயின் நிகழ்வது வேறு. அலகு வெட்டாமல் உரசுகிறது. உரசிய இடம் கடினமாகிறது. அடுத்த சுற்றிலே அது அக்கடினத் தோலின்மீதே உரசி மேலும் கடினமாக்குகிறது. தச்சர் மரத்துக்குச் செய்வதுபோல், வேகத்தைக் கூட்டிக் கையை இலேசாக வைத்தால் விரைவில் முடியுமென எண்ணுபவர், தாம் துளைக்க வந்த இடத்தைத் தாமே பதப்படுத்துகின்றார்.

வெப்பமும் இதனோடு சேர்ந்துகொள்கிறது. துருவேறா உருக்கு வெப்பத்தை எளிதிற் கடத்தாது. சாதாரண உருக்குக் கடத்துவதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கையும், செம்பு கடத்துவதில் இருபத்தைந்திலொரு பங்கையுமே அது கடத்தும். உரசலிற் பிறந்த சூடு தகட்டிலே பரவிச் செல்லாமல் அலகின் நுனியிலேயே தங்குகிறது. சூடேறிய நுனி மழுங்கும். மழுங்கிய நுனி இன்னும் உரசும். நுனி நீலநிறமாவதைக் கண்டால், அவ்வலகின் கூர்மை போய்விட்டது என்றே கொள்ளல் வேண்டும்.

எனவே துருவேறா உருக்கைத் துளைப்போருக்குரிய விதி மூன்று சொற்களில் அடங்கும். மெதுவாகச் சுழற்று; உறுதியாக அழுத்து; எண்ணெயிட்டுக் குளிர்வி. சாதாரண உருக்கில் அலகின் விளிம்பு நிமிடத்துக்கு 25 முதல் 30 மீற்றர் வரை செல்லலாம். இங்கே 10 மீற்றர் அளவிலே நிறுத்திக்கொள்ளுதல் நன்று. 6 மில்லிமீற்றர் அலகாயின், அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 500 சுற்று. 22 மில்லிமீற்றர் விட்டமாயின் 150 சுற்றுக்கும் குறைவு. அகன்ற அலகு மெல்லச் சுழல்வதுபோலத் தோன்றினும், அதன் விளிம்பு அதே தூரத்தையே கடக்கிறது என்பதை மறத்தலாகாது. வீடுகளிலுள்ள மின் துறப்பணங்களின் விசையை முழுவதும் அழுத்தினால் இவ்வளவைப் பன்மடங்கு கடந்துவிடும்.

அலகைத் தெரிவதிலும் கவனம் வேண்டும். உயர்வேக உருக்கிலே நூற்றுக்கு 5 முதல் 8 பங்கு வரை கோபாற்றுச் சேர்த்த அலகுகள் சூட்டிலும் கடினம் குன்றாதவை. வழக்கமான அலகின் நுனிக்கோணம் 118 பாகை. துருவேறா உருக்குக்கு 135 பாகையில் தீட்டிய தட்டையான நுனி ஏற்றது. அது வழுக்கி அலையாமல் விரைவில் ஊன்றிக்கொள்ளும். சிறு துளையைப் பெரிதாக்குவதற்குப் படிப்படியாக அகலும் கூம்பலகு உதவும். தகடு மெல்லியதாகையால், ஒரு படி வெட்டி முடிந்த பின்னரே அடுத்த படி வெட்டத் தொடங்கும். துளையினூடாக ஒரு திருகாணியைச் செலுத்தி, இருபுறமும் வைத்த அச்சுகளை இறுக்கித் தகட்டைக் கத்தரித்தெடுக்கும் கருவியும் உண்டு. அது உரசுவதேயில்லை. ஆதலால் சுத்தமான துளை வேண்டுவோர் பலர் அதனையே விரும்புவர்.

வேலைக்கு முன்னர் இரண்டு செய்திகளை உறுதிசெய்தல் கடமை. முதலாவது, பீப்பா யாருடையது என்பது. பியர் வாங்குவோர் பீப்பாவுக்குக் கட்டும் பணம் வைப்புப் பணமேயன்றி விலையன்று. பீப்பா அதனை நிரப்பிய பியர்ச்சாலைக்கே உரியது. வைப்புப் பணம் கட்டினோம் என்று அதனை வெட்டுதல் பிறர் பொருளை அழிப்பதாகும். பியர்ச்சாலைகள் கழித்து விற்பவற்றையோ, உரிமையோடு விற்கும் பழைய இரும்புக் கடைகளில் உள்ளவற்றையோ வாங்குதல் முறை.

இரண்டாவது, உயிரோடு சம்பந்தப்பட்டது. வெறுமையாகத் தோன்றும் பீப்பாவினுள்ளும் காபனீரொட்சைட்டு அழுத்தத்தில் அடைபட்டிருக்கும். குளிர்ந்த நிலையிலேயே அது சதுர அங்குலத்துக்கு 12 இறாத்தல் அளவினதாக இருக்கக்கூடும். வெயிலிற் கிடந்தால் இன்னும் உயரும். பீப்பாவின் கழுத்திலே வால்வும், அதனோடு இணைந்து அடிவரை செல்லும் குழாயும் ஒரு வளையத்தாற் பிடிக்கப்பட்டுள்ளன. அழுத்தத்தை வெளியேற்றாமல் அவ்வளையத்தைக் கழற்றினால், குழாய் ஈட்டிபோற் பாய்ந்து மேலே குனிந்திருப்பவரைக் கொல்லவும் கூடும். ஆகவே முகத்தையும் உடலையும் விலக்கி நின்று, வால்வின் நடுவை அழுத்தி, சீறல் முற்றிலும் அடங்கும்வரை வாயுவை வெளியேற்றவேண்டும். அதன் பின்னரே வளையத்தைக் கழற்றவும் பீப்பாவை வெட்டவும் தொடங்கலாம். இதனை அவசரத்தில் விட்டவர்க்கு இரண்டாம் வாய்ப்புக் கிடைப்பதில்லை.

இனித் துளையிடும் முறை. பீப்பாவின் உருளைச் சுவரிலே, அடிவளைவுக்குச் சற்று மேலே, பற்றுவைப்பு ஓடும் இடத்தையும் புடைப்பு வரிகளையும் தவிர்த்து இடம் குறிக்கவேண்டும். அடியில் எஞ்சும் சாற்றை உறிஞ்சுவதற்குத் திருகுகுழாயின் உட்புறத்தே வளைந்த குழாயொன்றை மாட்டலாம். ஆகவே துளை மிகத் தாழ்வாக இருக்கவேண்டியதில்லை. பீப்பாவைப் படுக்கவைத்து, உருளாதபடி மரக்கட்டைகளுக்கிடையே இறுகக் கட்டவேண்டும். அலகு மறுபுறம் வெளிவரும் கணத்திலே தகட்டைக் கவ்வித் திருகும். கட்டப்படாத பீப்பாவும் துறப்பணமும் கையை முறிக்கவல்லன. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிதல் வேண்டும். சுழலும் அலகின் அருகிலே கையுறையும் தளர்ந்த சட்டைக் கையும் ஆபத்தானவை.

குறித்த இடத்திலே கூர்முனை உளியை வைத்துச் சுத்தியலால் ஒரே அடியிற் சிறு குழியொன்றை ஆக்கவேண்டும். பலமுறை தட்டினால் அவ்விடமே கடினமாகிவிடும். குழியில் வெட்டெண்ணெய் சில துளிகளை இட்டு, 3 மில்லிமீற்றர் அலகை நேராக ஊன்றி, முதலில் அழுத்தத்தைக் கொடுத்து, அதன் பின்னரே சுழற்றத் தொடங்கவேண்டும். தொடங்கியபின் இடையிலே அழுத்தத்தைத் தளர்த்தி வெறுமனே சுழலவிடலாகாது. நிறுத்த வேண்டுமாயின் அலகை வெளியே எடுத்துவிடுதல் வேண்டும். முதற்றுளை விழுந்ததும் கூம்பலகுக்குத் தக்க அளவுக்கு ஒரேயொரு அலகால் அதனைப் பெரிதாக்கினாற் போதும். மிகச்சிறிய வேறுபாடுடைய பல அலகுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்தினால், ஒவ்வொன்றும் கடினமான தோலையே தேய்த்து மழுங்கும்.

வேலை செவ்வனே நடக்கிறதா என்பதைக் கண்ணும் செவியும் கூறும். சுருள்சுருளாக நீண்ட சீவல் வருமாயின் அலகு வெட்டுகிறது. தூளும் புகையும் வருமாயின் உரசுகிறது. தாழ்ந்த முரல் நல்லது. கீச்சிடும் ஓலம் தீயது. ஓலம் கேட்டவுடன் நிறுத்தவேண்டும். கடினப்பட்ட இடத்திலே அதே மழுங்கிய அலகை மேலும் அழுத்துவதாற் பயனில்லை. புதிய கூரிய கோபாற்று அலகை எடுத்து, எண்ணெயிட்டு, மிக மெதுவாக, முழுப் பலத்தோடு தொடங்கலாம். இயலுமாயின் உட்புறத்திலிருந்து துளைக்கலாம். அதுவும் இயலாவிடின், சாணைக்கல்லாற் கடினத் தோலைத் தேய்த்து நீக்கிவிட்டுத் தொடரலாம்.

துளை விழுந்தபின் அதன் ஓரத்திலே கூரிய பிசிறுகள் நிற்கும். அவை விரலைக் கிழிக்கும். பொருத்தும் வளையத்தையும் அறுக்கும். அவற்றை அரத்தால் நீக்கவேண்டும். சாதாரண இரும்பைத் தேய்த்த அரத்தையோ, இரும்புக் கம்பித் தூரிகையையோ இதற்குப் பயன்படுத்தலாகாது. அவற்றிலிருந்து ஒட்டும் இரும்புத் துகள் சில நாட்களிலே துருவாகி, துருவேறா உருக்கே துருப்பிடித்ததுபோல் தோற்றுவிக்கும். ஈற்றிலே சவர்க்கார நீராற் கழுவி, எண்ணெய்ப் பசையை முற்றாக அகற்றவேண்டும். எண்ணெய்ப் பசை பியரின் நுரையைக் கெடுக்கும். அதன்பின் எலுமிச்சையிலுள்ள சித்திரிக்கமிலத்தின் கரைசலாற் கழுவினால், எஞ்சிய இரும்புத் துகள் கரைந்து, குரோமியப் படை செம்மையாக அமையும்.

திருகுகுழாயைப் பொருத்துவதற்கு ஒட்டுவேலை கட்டாயமன்று. துளையினூடாகத் திருகுக் குழாயைச் செலுத்தி, சுவரின் பக்கத்தே சிலிக்கோன் வளையத்தை வைத்துச் சுரையால் இறுக்கினாற் போதும். சாறு கொதிப்பது 100 பாகை செல்சியசை ஒட்டியே. சிலிக்கோன் 200 பாகை வரை தாங்கும். ஆனால் அடுப்புச் சுவாலை நேரே அவ்விடத்திற் படாதவாறு பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். முதலில் தண்ணீர் நிரப்பிக் கொதிக்கவைத்து, கசிவு இல்லை எனக் கண்ட பின்னரே சாற்றை ஊற்றுவர் விவேகிகள். ஒரு துளி கசியும் இணைப்பு, கொதிக்கும் 38 லீற்றருக்கு முன்னே நம்பத்தக்கதன்று.

இலங்கையிலே உத்தரவுப் பத்திரமின்றி மது காய்ச்சுதல் மதுவரிச் சட்டப்படி குற்றமாகும். ஆயினும் துருவேறா உருக்கில் துளையிடும் வேலை பியரோடு நின்றுவிடுவதன்று. மண்டபச் சமையலுக்குரிய பெரிய அண்டாவிலே வெந்நீர்க் குழாய் பொருத்துவோருக்கும், பாற்கொள்கலத்தைச் செப்பனிடுவோருக்கும், சமையலறைத் தொட்டியிலே புதிய குழாய்க்குத் துளையிடுவோருக்கும் இதே உலோகம் இதே குணத்தையே காட்டும். எவ்வளவு விரைவாகச் சுழற்றினோம் என்பது இங்கே கணக்கன்று. ஒவ்வொரு சுற்றும் ஒரு சீவலை எடுத்ததா என்பதே கணக்கு. அதனை அறிந்தவரின் கையிலே ஓர் அலகு பல துளைகளை இடும். அறியாதவரின் கையிலோ பல அலகுகள் சேர்ந்தும் ஒரு துளை விழாது.